தாதர் முதல் மான்குர்டு வரை

ஊரிலிருந்து வரும் சுற்றத்தாருக்கு நாம் காட்டும் மும்பை ஒன்று உண்டு. கேட்வே ஆப் இந்தியா, மரைன் டிரைவின் விளக்கு வரிசை, மகாலட்சுமி கோயில், பாந்த்ரா - வொர்லிக் கடற்பாலம் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களோ ஊர் திரும்பித் திண்ணையில் அமர்ந்து பேசும்போது கடற்பாலத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, "அந்தப் பட்டணத்தில் ஒரு ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது" என்பதையே விரித்துரைப்பார்கள். அவர்கள் கண்டதும் இம்மாநகரின் ஒரு காட்சியே. கோயில்களையும் குகைகளையும் பற்றி அன்பர்கள் பலர் இவ்விதழில் எழுதியிருக்கின்றனர். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, நம்மவர் மிகுதியாக வாழும் பகுதிகளினூடே கால்நடையாகச் சென்று, அங்குள்ள சாலைகளையே பார்த்து வந்தோம்.

புறப்படுமுன் சில எண்களை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகள் 4,61,312. உயிரிழந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் வகித்தது நம் தமிழ்நாடுதான். அவ்வாண்டில் அங்கு 64,105 விபத்துகளும் 17,884 சாவுகளும் பதிவாயின. எனவே ஊர்ச் சாலை பத்திரம், மும்பைச் சாலை ஆபத்து என்று பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும். வேறுபாடு மடிவோர் யார் என்பதில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான கணக்கில் இறந்தோருள் நடந்து சென்றவர்கள் 19.5 விழுக்காடு, இருசக்கர வண்டியினர் 44.5 விழுக்காடு. மும்பையிலோ, அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளைப் பார்த்தால், சாலையில் இறப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். இருசக்கர வண்டியினரையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிடுகிறது. நான்கு சக்கரத்துக்குள் அமர்ந்திருப்பவருக்கு இந்நகரம் பெரும்பாலும் தீங்கிழைப்பதில்லை.

தாதர் டி.டி.யில் நம் நடையைத் தொடங்கினோம். டி.டி. என்பது டிராம் டெர்மினஸ் என்பதன் சுருக்கம். 1874இல் குதிரை பூட்டிய டிராமும், 1907இல் மின்சார டிராமும் இந்நகருக்கு வந்தன. 1964 மார்ச் 31ஆம் தேதி இரவு கடைசி டிராம் ஓடி ஓய்ந்தது. வண்டி போய் அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மட்டும் கண்டக்டர்களின் வாயில் இன்னும் வாழ்கிறது. டிராமுக்கு ஒரு நற்குணம் இருந்தது. அது எங்கே வரும் என்பது தரையிலேயே எழுதியிருந்தது; தண்டவாளத்தை விட்டு விலகி நின்றவனை அது தேடிவந்து இடிக்காது. இன்றைய வண்டிகளைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

இங்கிருந்து வடக்கே செல்வது டாக்டர் அம்பேத்கர் சாலை. இதைக் கடப்பதில் உள்ள கணக்கைச் சற்று விளக்குவோம். ஒரு வண்டி வரிசைக்கு மூன்றரை மீட்டர் அகலம் என்பது நகரச் சாலைகளின் பொது அளவு. பக்கத்துக்கு மூன்று வரிசை வீதம் ஆறு வரிசையுள்ள சாலைக்கு 21 மீட்டர். வேகமாக நடக்கும் இளைஞன் நொடிக்கு 1.2 மீட்டர் செல்வான். அவனுக்குப் பதினெட்டு நொடி போதும். கையில் காய்கறிப் பையும் முழங்காலில் வாதமும் உடைய நம் வீட்டுப் பாட்டி நொடிக்கு முக்கால் மீட்டர்கூட நடக்கமாட்டார். அவருக்கு முப்பது நொடியாவது வேண்டும். பச்சை மனித உருவம் இருபது நொடிக்கு எரிந்து அணைந்துவிட்டால் பாட்டி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், உறுமும் வண்டிகளின் முன்னால் நிற்கிறார். அவர் விதியை மீறவில்லை. விளக்குதான் அவரை எண்ணிப் பார்க்காமல் வைக்கப்பட்டிருக்கிறது. 2020 ஆகஸ்டில் தாதர் பகுதியின் சில விளக்குகளில் ஆண் உருவத்துக்குப் பதிலாகப் பாவாடை அணிந்த பெண் உருவத்தை வைத்தார்கள். நல்ல காரியம், பத்திரிகைகள் புகைப்படம் போட்டுப் பாராட்டின. அவ்வுருவம் இன்னும் பத்து நொடி கூடுதலாக ஒளிருமானால் நாமும் மனமாரப் பாராட்டுவோம்.

மாட்டுங்காவைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். காலை ஆறு மணிக்கே மல்லிகையும் மரிக்கொழுந்தும், வாழையிலைக் கட்டும், டிகிரி காப்பியின் மணமுமாக அப்பகுதி விழித்துவிடுகிறது. ஆனால் கிங்ஸ் சர்க்கிள் அருகே நடைபாதையில் இறங்காமல் நூறு அடி நடந்துவிட முயன்று பாருங்கள். கூடைக்காரியைத்தான் எல்லோரும் வைவார்கள். அவள் பிடித்திருப்பது மூன்றடி. அவளுக்குப் பின்னால் சாலையோரத்தில் நாள் முழுதும் நின்றிருக்கும் காரோ ஆறடி அகலத்தையும் பதினைந்தடி நீளத்தையும் பிடித்திருக்கிறது. இரண்டையும் சுற்றிக்கொண்டு பாதசாரி வண்டிப் பாதையில் இறங்கும்போது, வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டியபடி நடக்கிறான். பள்ளிப் பிள்ளைகளும் இப்படியே நடக்கின்றனர். நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படும் ஏழு வயதுக் குழந்தையின் தலை அக்காரின் முகப்பைவிடச் சற்றே உயரம். ஓட்டுபவன் கண்ணுக்கு அது தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அவர்களை வண்டிகளுக்கு எதிர்ப்புறமாக, உட்பக்கத்தில் நடத்திச் செல்வது நலம்.

சயானை நாம் அடைந்தபோது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. தீவு நகரம் இங்கு முடிகிறது. ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு இதற்குத் தெற்கே அனுமதி இல்லை. கிழக்கு விரைவுச் சாலையும் லால் பகதூர் சாஸ்திரி சாலையும் இப்பக்கத்தில்தான் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. இவ்விடத்தைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே நம் கை சற்றுத் தயங்குகிறது. தாராவியிலிருந்து விடியுமுன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஊதலை அழுத்தி ஒலித்தபடி இட்லி விற்கச் செல்லும் நம்மவரை இந்நகரில் அறியாதார் இல்லை. சென்ற மழைக்காலத்தில் அவர்களுள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், முப்பத்தேழு வயதினர், இப்பக்கத்துச் சாலையொன்றில் விடியற்காலை நாலரை மணிக்கு மோதுண்டு மாண்டார். சட்டினித் தூக்கு மட்டும் நசுங்காமல் சாலையோரம் கிடந்ததாம். மோதிய வண்டி நிற்கவில்லை. பிறகுதான் அது பிடிபட்டது. ஊரில் அவருக்கு வயதான தாயார். இங்கே மனைவியும் இரு குழந்தைகளும். அவர் வீட்டுக் கதைக்குப் பின்னர் வருவோம்.

நாலரை மணிக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்குமே, அப்போது எப்படி விபத்து நிகழும் என்று கேட்போர் உண்டு. வெறிச்சோடிக் கிடப்பதனாலேயே நிகழ்கிறது. பகலில் ஊர்ந்து செல்லும் வண்டிகள் ஒன்றோடொன்று உரசும், கண்ணாடி உடையும், வாய்ச்சண்டை மூளும், ஆள் சாவது குறைவு. இரவு பதினொரு மணிக்குப் பிறகு சாலை திறந்துகொள்கிறது; அப்போதுதான் மோதல் மரணமாகிறது. 2022ஆம் ஆண்டு நாட்டுக் கணக்கில் 71.2 விழுக்காடு சாவுகளுக்கு மிதமிஞ்சிய வேகமே காரணமெனக் குறிக்கப்பட்டுள்ளது. சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். ஆளைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி; பிறகு வண்டி நிற்க ஐந்து மீட்டர். ஆகப் பதின்மூன்று மீட்டர், அதாவது ஒரு பெரிய பஸ்ஸின் நீளத்தைவிடச் சிறிது கூட. வேகம் 60 கிலோமீட்டரானால் முதல் நொடிக்கே பதினேழு மீட்டர்; அதன்பின் பிரேக் பிடித்து நிற்க இருபது மீட்டர். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தியது போன்ற தூரம். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காவது இயற்கையின் விதி. இதெல்லாம் உலர்ந்த சாலைக்கு. ஆடி மழையில் எண்ணெய் கசிந்த சாலைக்குக் கணக்கே வேறு. சராசரி வேகம் நூற்றில் ஒரு பங்கு ஏறினால் உயிர்க்கொலை விபத்தின் அபாயம் நான்கு பங்கு ஏறும் என உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் நுழைந்தபோது நமக்கு வியப்பான ஓர் எண்ணம் தோன்றியது. விதி என்று ஒன்றை இங்கு எவரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. கைவண்டி, தண்ணீர் லாரி, பால்காரர், பந்து விரட்டும் பையன்கள், கோயிலுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் ஒரே தாரில் கலந்து நகர்கின்றனர். அறுபதடிச் சாலையிலும் அவ்வாறே. வெளியூரார் கண்டால் தலை சுற்றும். ஆயினும் வண்டி வேகமெடுக்க இங்கு இடமில்லை. ஓட்டுபவன் நடப்பவனின் முகத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. அரை மைல் தள்ளிச் சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலைக்கு வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது: கோடுகள், விளக்குகள், அகலம். அங்கேதான் அடிவயிற்றில் பயம் பிறக்கிறது. அகலமான சாலையே நல்ல சாலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. தெருக்கோடியில் ஒரு பள்ளி இருந்தால் நாம் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம்.

தாராவியை இரு புறமும் ரயில் பாதை அணைத்துக் கிடப்பதால் அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கு இது மேசைக்கு வரும் செய்தி. மும்பைப் புறநகர் ரயில் பாதைகள் முழுவதிலும் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரச் சாலைகளில் ஓராண்டில் இறப்போர் சில நூற்றுவர்தாம். ரயில் பாதை நகர எல்லையைத் தாண்டிக் கசாரா, கர்ஜத் வரை நீள்வது உண்மையே. ஆயினும் வேறுபாட்டின் அளவைக் கவனியுங்கள். இறப்போரில் பெரும்பகுதியினர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். அடுத்தபடி, நெரிசலில் கதவோரம் தொங்கி விழுந்தவர்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு ரயில்களிலிருந்து பிரயாணிகள் விழுந்து மாண்டது நாடறிந்த செய்தி. மின்சார ரயில் புகையும் விடாது, தடதடவென்று முன்கூட்டி அறிவிக்கவும் செய்யாது. ஒரு வண்டி போனதும் பாதை காலியென்று கால் வைக்கிறான் மனிதன். அதன் இரைச்சலில் மறைந்து மறுபாதையில் வருகிறது இன்னொன்று. வேகமாக வரும் ரயில் நிற்பதற்குச் சில நூறு மீட்டர் வேண்டும். ஓட்டுநர் கண்டாலும் ஊதலை ஒலிப்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. மேம்பாலம் ஏறி இறங்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத் தர மனமில்லாதவர் என்று அவர்களை ஏசுவது எளிது. குடியிருப்பு ஒரு புறமும் தண்ணீர்க் குழாய் மறுபுறமும் இருந்தால் நாளொன்றுக்கு எத்தனை முறை மேம்பாலம் ஏறுவது என்பதையும் ஏசுவோர் சொல்ல வேண்டும்.

மேம்பாலம் என்றதும் ஆகாயப் பாதைகள் நினைவுக்கு வருகின்றன. 2008இல் பாந்த்ரா கிழக்கில் முதலாவது திறக்கப்பட்டது. பின்னர் நகரிலும் சுற்றிலும் முப்பதுக்கு மேல் எழுந்தன. ஸ்டேஷனிலிருந்து நேரே அழைத்துச் செல்லும் சில பயன்படுகின்றன. மற்றவை காதலர்க்கும் உறங்குவோர்க்கும் நிழல் தருகின்றன. நடப்பவனை மேலே ஏற்றிவிட்டு வண்டிகளுக்குத் தரையை ஒழித்துக் கொடுப்பது நமக்கு உவப்பாயில்லை.

குர்லாவில் எஸ்.ஜி. பார்வே சாலைக்குச் சென்றோம். குறுகிய கடைத்தெரு, ஸ்டேஷன் ஜனங்கள் எந்நேரமும் நிரம்பி வழியும் இடம். 2024 டிசம்பர் 9ஆம் தேதி இரவு நகராட்சிப் போக்குவரத்தின் மின்சார பஸ் ஒன்று கட்டுமீறிப் பாய்ந்து, நடந்து சென்றோரையும் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளையும் மோதித் தள்ளியது இங்கேதான். சிலர் உடனடியாகவும், வேறு சிலர் பின்னர் மருத்துவமனையிலும் உயிர் நீத்தனர். கியர் மாற்றி ஓட்டிப் பழகிய ஓட்டுநருக்குப் புதுவகை வண்டியில் போதிய பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. நாம் சென்றபோது பழக்கடைகள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தன. எங்கே நிகழ்ந்தது என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் மறுமொழி சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

செம்பூரில் அமர்மகால் சந்திப்பு. பாலத்தின் மேல் பாலம், அதன் கீழ் ஓர் இணைப்புச் சாலை. 2014இல் திறந்த சாந்தாக்ரூஸ் - செம்பூர் சாலை இங்கு வந்து சேர்கிறது. இங்கே இருசக்கர வண்டிகளின் ஆட்சி. கணவன் தலையில் ஹெல்மெட், மனைவி தலையில் பூ, நடுவில் குழந்தை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் தேவை என்கிறது. மும்பையில் 2022 ஜூன் முதல் பின்னால் அமர்வோரிடமும் கண்டிப்பாகக் கேட்கிறார்கள். ஆயினும் பெண்கள் அபராதத்துக்கு அஞ்சி அதைக் கையில் மாட்டிச் செல்வதை நாம் கண்டோம். முறையாக அணிந்தால் சாகும் அபாயம் 42 விழுக்காடு குறையும் என்பது ஆய்வுகளில் தேர்ந்த முடிவு. 2022இல் ஹெல்மெட் இன்றி மாண்டோர் நாட்டில் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்தவர்கள். காரில் செல்வோரும் பின்னிருக்கை வார்ப்பட்டையை அலட்சியம் செய்ய வேண்டா. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்ட விபத்துக்குப் பிறகே இங்கு பலர் அதைத் தேடி எடுத்தனர்.

மான்குர்டை அடைந்தபோது உச்சி வெயில். காட்கோபர் - மான்குர்டு இணைப்புச் சாலை குப்பை லாரிகளும் கண்டெய்னர் லாரிகளும் ஓயாது செல்லும் பாதை. பெரிய லாரியின் இடப்புற முன்மூலையை ஒட்டிச் செல்லும் சைக்கிளோ ஸ்கூட்டரோ உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் சென்ற தடத்தில் செல்லாமல் உள்வாங்கித் திரும்பும். விளக்கில் நிற்கும்போது லாரிக்கு இடப்புறமாகப் புகுந்து முன்னே செல்ல முயலும் இளைஞர்களுக்கு இவ்வொரு செய்தியை மட்டுமாவது வீட்டில் சொல்லிவையுங்கள்.

இனி அந்த இட்லிக்காரர் வீட்டுக்கு வருவோம். அவரைச் சாலையிலிருந்து தூக்கச் சிறிது நேரம் பிடித்தது; சுற்றி நின்றோர் போலீஸ் தொல்லைக்கு அஞ்சினார்களாம். அந்த அச்சம் இன்று தேவையில்லை. அடிபட்டவனை மருத்துவமனையில் சேர்ப்பவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் மீது வழக்கு வராது என 2019 திருத்தத்தின் 134ஏ பிரிவு உறுதி சொல்கிறது. அடிபட்டபின் முதல் ஒரு மணி நேரமே உயிர் காக்கும் நேரம். 108க்குச் சொல்லுங்கள், அது தாமதமானால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். சயான், பரேல், காட்கோபர் நகராட்சி மருத்துவமனைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். 2025இல் வந்த திட்டப்படி ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றி வைத்தியம் பெறலாம். மோதிய வண்டி அகப்படாமலே போனால், சாவுக்கு 2 லட்சமும் பெருங்காயத்துக்கு 50,000மும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் இத்தொகை.

வண்டி அகப்பட்டால் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம். அதன் கணக்கு இரக்கத்தில் நடப்பதன்று. இறந்தவரின் மாத வருமானம் 20,000 என்று நிரூபித்தால், சொந்தத் தொழிலாளி, நாற்பதுக்குக் கீழ் என்பதால் அதில் 40 விழுக்காடு சேர்ப்பார்கள், 28,000. ஆண்டுக்கு 3,36,000. சார்ந்தோர் நால்வரானால் அவர் சொந்தச் செலவென்று கால் பங்கைக் கழிப்பார்கள், 2,52,000. முப்பத்தேழு வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக 37,80,000. வருமானம் 10,000 என்றே நிரூபிக்க முடிந்தால் தொகை சரிபாதி. நாம் இதை எழுதிக் காட்டியபோது அவர் மனைவி நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இட்லி வித்ததுக்கு யாரு ரசீது குடுப்பா?" என்று கேட்டார்.

அவ்வம்மையாரின் வீட்டில் அரிசி, உளுந்து வாங்கிய மளிகைக் கடைச் சீட்டுகள் ஒரு டப்பாவில் இருந்தன. கைப்பேசியில் வாடிக்கைக்காரர் சிலர் அனுப்பிய பணக் கணக்கும் இருந்தது. ஊருக்கு மாதந்தோறும் தாயார் பெயருக்கு அனுப்பிய பணம் பாங்குப் புத்தகத்தில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். வழக்கை விபத்து நடந்த இடத்தில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. 166ஆம் பிரிவின்படி மனுதாரர் வசிக்கும் இடத்திலும் தொடுக்கலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் ஊருக்கே போய்விட்டால் திருநெல்வேலியிலேயே நடத்தலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு உண்டு. அக்கெடுவைப் பற்றி வழக்குகள் எழுந்திருப்பினும், அதை நம்பித் தாமதிக்க வேண்டா. பெரிய பையன் ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்துவிட்டதால் இவ்வாண்டு முடியும்வரை இங்கேயே இருப்பதென்று அவ்வம்மையார் முடிவு செய்திருக்கிறார். சைக்கிளை அவருடைய தம்பி ஓட்டுகிறான். பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டி, விளக்கும் மாட்டியிருக்கிறான். நாலரைக்குப் பதில் ஐந்தரைக்குப் புறப்படுகிறான்.